கண்ணாடிக்கும் சாமிக்கும் நடுவே

அலவத்துகொடையில், கண்டி–மாத்தளை வீதியோரம் என் தம்பி படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறான். சைவநெறி கற்பித்து ஓய்வு பெற்ற நான் பின்னேரங்களில் அங்கே போய் உட்காருவேன். சமயத்தைப் பற்றி யோசிக்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை. அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் ஆயத்துல் குர்ஸி எழுத்தைக் கொண்டுவந்தால் சுற்றிலும் அகலமாக மவுண்ட் வைக்கச் சொல்வார்கள். சிங்களக் குடும்பங்கள் கலியாணப் படத்துக்கும் பட்டமளிப்புப் படத்துக்கும் மவுண்ட் கேட்பார்கள். புத்தர் படத்துக்குக் கேட்பது அருமை. நம்மவர்களும் அப்படித்தான். முருகனோ மாரியம்மனோ, சட்டத்தின் விளிம்புவரை சாமி நிறைந்திருக்க வேண்டும்.

மவுண்ட் என்பது தடித்த அட்டை. நடுவே சன்னல் வெட்டி, அதன் பின்னால் படத்தை ஒட்டுவார்கள். கத்தியை 45 பாகை சாய்த்துப் பிடித்து வெட்டினால் அட்டையின் வெள்ளை உட்பகுதி மெல்லிய கோடாய்ப் படத்தைச் சுற்றித் தெரியும். பிரெஞ்சுக்காரர் இதைப் பஸ்பார்த்தூ என்பார்கள். எந்தக் கதவையும் திறக்கும் சாவிக்கும் அவர்களிடம் அதே பெயர். ஆங்கிலேயர் ஒரு காலத்தில் மரச்சட்டத்துக்குப் பதிலாகக் கண்ணாடியையும் படத்தையும் சேர்த்து ஒட்டிய பசைநாடாவை அப்படி அழைத்தார்கள். ஜெர்மன் பேசும் ஊர்களில் அது இன்றும் அன்றாடச் சொல். எங்கள் கடைக்கு அது சூரிச்சிலிருந்துதான் வந்தது.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட யாழ்ப்பாணத்துப் பெண், சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், கணவருடைய அப்பாயி கும்பிட்ட முருகன் படத்தைக் கொண்டுவந்தார். வள்ளி தெய்வானையோடு முருகன். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, நாட்காட்டிகளில் அச்சாகி ஊரூராய்ப் போன படங்களின் சாயல். "அண்ணை, இதுக்குப் பஸ்பார்த்தூ வைச்சுத் தாங்கோ" என்றார். கூட வந்த மாமியார் உடனே மறித்தார்: "வேணாங்க சேர். சாமியத் தள்ளி வச்ச மாதிரி இருக்கும்."

இதை விவரம் தெரியாத பேச்சென்று தள்ள என்னால் முடியவில்லை. மவுண்ட் வைத்த படம் நாம் பார்ப்பதற்கானது. அந்த வெற்று ஓரம் நம்மை ஓர் எட்டுப் பின்னுக்கு நிறுத்துகிறது. சாமி படம் அப்படியல்ல. நாம் பார்ப்பதைவிட அது நம்மைப் பார்ப்பதுதான் பெரிது. பார்க்கிற ஒருவரை எதற்கு அட்டைக்குப் பின்னால் நிறுத்துவது?

ஐரோப்பியத் தத்துவத்தில் இந்த ஓரத்தைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. கான்ட் 1790இல் எழுதிய நூலில் படத்தின் சட்டம், சிலையின் ஆடை, மாளிகையின் தூண்வரிசை மூன்றையும் வெளியிலிருந்து சேர்க்கப்பட்டவை என்று ஒதுக்கினார். தெரிதா 1978இல் அதைக் கிளறினார்: உள்ளே எது, வெளியே எது என்று அப்படிக் கோடு கிழிக்க முடியுமா? ஓவியம் பற்றிய அந்த நூலின் முன்பகுதிக்கு அவர் வைத்த தலைப்பே பஸ்பார்த்தூ. கேள்வி கூர்மையானது. ஆனால் இருவரும் அழகைப் பற்றிப் பேசினார்கள். கும்பிடப்படும் படத்துக்கு விடை வேண்டுமென்றால் நான் கண்டிக்குத்தான் திரும்புவேன்.

கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில், கண் வைக்கும்வரை சிலை வெறும் உலோகம், கண் வைத்தபின்பே தெய்வம் என்று இங்குள்ளவர்கள் கருதியதைப் பதிந்திருக்கிறார். இந்த நேத்திர மங்கல்யச் சடங்கைப் பற்றி ஆனந்த குமாரசுவாமியும் 1908இல் வந்த தம் நூலில் எழுதினார். கண் எழுதுகிற கலைஞன் சிலையை நேரே பார்ப்பதில்லை. ஒரு கண்ணாடியில் அதன் முகத்தைப் பார்த்தபடி தீட்டுகிறான். தெய்வம் முதன்முதலாகப் பார்க்கும் அந்தக் கணத்தில் நடுவே ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று இந்த மலைநாடு அறிந்திருந்தது. கதிர்காமத்தில் கருவறைக்கு முன் திரைதான் தொங்குகிறது. அதில் எழுதிய முருகனைத்தான் கும்பிட்டுத் திரும்புகிறோம். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் பொன் வில்வமாலையும் வெளியும்தான். பக்தி குறைந்தவர்களா இந்த ஏற்பாடுகளைச் செய்தார்கள்?

தம்பி பழைய சட்டத்தைப் பிரித்தான். துருவேறிய ஆணிகள், பின்னட்டைக்குப் பதிலாக மடித்த செய்தித்தாள், அதில் இராமபாணப் பூச்சி அரித்த தடம். படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. மலைநாட்டு ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் வியர்க்கும். காகிதம் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் மசி இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். எவ்வளவு பதமாக எடுத்தும் முருகனின் மார்புப் பதக்கத்தில் விரல்நகமளவு கண்ணாடியோடேயே போய்விட்டது. மாமியார் அந்தக் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஒட்டிக்கிட்டே இருந்ததால போச்சா?" என்று கேட்டார்.

ஆம் என்றேன். இத்தனை வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் எனக்கே உடம்பில் உறைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதன் வழியில் சைவர் சொல்லும் அத்துவிதம், உயிர் இறைவனில் கரைந்து காணாமற்போவது அல்ல. விலகி நிற்பதும் அல்ல. ஒன்றாய், வேறாய், உடனாய் இருப்பது. பரீட்சைக்காக மாணவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் எளிதில் எழுதிவிடுவார்கள். "வேறாய்" என்பதைக் குறைபாடு மாதிரி விளங்கப்படுத்துவார்கள். அது குறைபாடல்ல. கும்பிடுகிற ஒருவர் மிஞ்சியிருந்தால்தானே கும்பிடுதல் நடக்கும்.

கடைசியில் ஒரு விரலகல மவுண்டுக்கு மாமியார் சம்மதித்தார். அமிலமில்லாத அட்டை, அரக்குச் சிவப்பு. சாதாரண மலிவு அட்டையில் இருக்கிற அமிலம் வெட்டோரத்தில் பழுப்பேறிப் படத்தையும் கறைப்படுத்தும். சாமி படத்துக்கு அந்த மிச்சம் பிடிப்பு வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பொட்டு எங்கே வைப்பது என்று மாமியார் கேட்டார். கண்ணாடியில்தான், எப்போதும்போல. ஆனால் இப்போது கண்ணாடிக்கும் நெற்றிக்கும் நடுவே இடம் இருக்கிறது. பக்கவாட்டில் நின்றால் குங்குமம் சற்று விலகித் தெரியும். நேர் எதிரே வந்து நின்றால்தான் நெற்றியில் பொருந்தும். மருமகள் அங்கும் இங்கும் நகர்ந்து அதைச் சோதித்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தம்பி, சாமி படங்களுக்கு அட்டையை மெல்லிய பட்டியாய் நறுக்கிச் சட்டத்தின் விளிம்புக்குள் மறைத்து வைக்கிறான். காகிதமும் கண்ணாடியும் தொடாது. பார்ப்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. "ஆட்களும் சந்தோசம், படமும் தப்பிச்சது" என்கிறான். காகிதத்துக்கு அது போதும். எனக்கு அது போதவில்லை. அந்த இடைவெளி கும்பிடுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நான் வாதாடுகிறேன். எங்கள் இருவருக்குள் அது இன்னும் தீரவில்லை.