விரிசலுக்குப் பொறுப்பாளி யார்?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுகிறவரே குடியிருக்கிறவராகவும் இருந்த காலத்தில் எழுந்த வாக்கு அது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்ப்பார். செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது, சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று ஜி.எஸ்.டி. சாலையோரமும், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று பழைய மாமல்லபுரம் சாலையோரமும் அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. அவற்றில் குடியேறுகிறவர்கள் வீட்டைக் கட்டிப் பார்த்தவர்கள் அல்லர்; வாங்கியவர்கள். பூச்சும் வண்ணமும் முடிந்த பின்னரே அவர்கள் உள்ளே நுழைகிறார்கள். சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் என்ன இருக்கிறது என்பதை விற்றவரின் சொல்லை நம்பியே ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் ஐப்பசி மழையில் அந்தச் சொல் சோதிக்கப்படுகிறது. மேல்தளத்தின் மூலையில் ஈரம் படர்கிறது. குளியலறையின் பின்சுவரில் பூச்சு உப்பிக்கொண்டு வருகிறது. சன்னலின் கீழ்முனையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. விற்ற நிறுவனத்திடம் சொன்னால், புதுச்சுவரில் மயிரிழை விரிசல் வரத்தான் செய்யும் என்ற பதில் வருகிறது. ஒப்பந்தக்காரர் மேஸ்திரியைக் காட்டுகிறார். மேஸ்திரியோ, கொடுத்த சரக்கை வைத்துத்தான் கட்டினேன் என்கிறார். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு விழித்திருக்கும் குடும்பத்துக்கு அந்த உண்மைகளால் என்ன பயன்? வங்கிக் கடனின் தவணையோ மாதந்தோறும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. குறைக்குப் பொறுப்பாளி யார் என்பது வெறும் சட்ட வினாவன்று. அது ஓர் அறவினா. அதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

இவ்வினா மிகப் பழமையானது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட அம்முராபியின் சட்டத் தொகுப்பு, சுவர் சரியும் நிலைக்கு வந்தால் கட்டியவன் தன் சொந்தச் செலவில் அதை உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது. வீடு இடிந்து உரிமையாளர் இறந்தால் கட்டியவனுக்குக் கொலைத் தண்டனை விதிக்கிறது. பழைய ஏற்பாட்டின் லேவியர் நூல் 14ஆம் அதிகாரத்தில் வேறொரு அணுகுமுறையைக் காண்கிறோம். சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை படர்ந்தால் வீட்டுக்காரர் குருவிடம் தெரிவிக்கிறார். குரு முதலில் பொருள்களையெல்லாம் வெளியேற்றச் சொல்கிறார். குடும்பத்தின் உடைமைகள் தீட்டென ஒதுக்கப்படாதிருக்கவே இந்த ஏற்பாடு. பின் பார்வையிட்டு, ஏழு நாள் வீட்டைப் பூட்டி வைத்து, மீண்டும் வந்து பார்க்கிறார். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, பூச்சைச் சுரண்டி ஊருக்கு வெளியே கொட்டி, வேறு கற்கள் வைத்துப் புதிதாகப் பூச வேண்டும். மறுபடியும் கறை தோன்றினால் வீட்டையே இடித்துவிட வேண்டும். இந்த ஒழுங்கில் யார்மீதும் பழி சுமத்தப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நோய்ப்பட்ட கல்லை எடுக்காமல் மேலே பூசுவது பழுதுபார்த்தலாகாது என்பதும், பார்த்தவர் திரும்பி வந்து சோதிக்க வேண்டும் என்பதும் அதில் தெளிவாக இருக்கின்றன.

நம் நாட்டுச் சட்டமும் இதை ஒத்த நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதிலுள்ள குறைக்கு நுகர்வோர் நீதி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. 2016இல் இயற்றப்பட்டு 2017இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்திறனிலோ தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டால், விற்ற நிறுவனம் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். தவறு மேஸ்திரியுடையதா, மணலுடையதா என்ற விசாரணையை வீடு வாங்கியவர் நடத்த வேண்டியதில்லை. விற்றவர் முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு தமக்குள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இதன் அறவேர்களைத் தேடினால் 13ஆம் நூற்றாண்டின் இறையியலாரான புனித தாமஸ் அக்குவினாஸிடம் போய்ச் சேருவோம். தம் இறையியல் தொகுப்பில் வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சகத்தைப் பற்றி அவர் தனியே ஆராய்கிறார். நொண்டிக் குதிரையை வேகமான குதிரை என்றும், விழப்போகும் வீட்டை உறுதியான வீடு என்றும் விற்பதை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். வாங்குகிறவருக்கு இழப்போ ஆபத்தோ தரக்கூடிய மறைவான குறையை விற்பவர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்பது அவர் முடிவு. அதோடு அவர் நிற்கவில்லை. குறை இருப்பதே தெரியாமல் விற்றவரின் நிலை என்ன? அவர் பாவம் செய்யவில்லை. ஆயினும் குறை தெரியவந்தபோது வாங்கியவருக்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டிருக்கிறார் என்கிறார் அக்குவினாஸ்.

குற்றம் வேறு, கடமை வேறு என்ற இந்தப் பாகுபாடு நமக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது. பழுதுபார்க்க வந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று விற்றவர் அஞ்சுகிறார். ஆகவே வருவதில்லை, வந்தாலும் விரிசல்மேல் ஒரு கை சிமெண்டும் வண்ணமும் பூசிவிட்டுப் போகிறார். வாங்கியவரோ, முதலில் ஏமாற்றியதை ஒத்துக்கொள்ளட்டும் என்று நிற்கிறார். இருவருக்கும் நடுவில் மழைத்தண்ணீர் கம்பியைத் தேடி உள்ளே இறங்குகிறது. மனச்சான்றில் குற்றமற்றவரும் பழுதுபார்க்கக் கடமைப்பட்டவராக இருக்க முடியும் என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால், சண்டையின் பாதி அங்கேயே தணிந்துவிடும்.

ஆனால் தெரிந்தே மறைத்தல் என்ற மற்றொரு நிலையும் உண்டு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கல்பாக்கம் வரை நீளும் நம் கடற்கரையில் இது உயிர்ப் பிரச்சினை. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்துவிடுகிறது. அதனால்தான் கடலோரக் கட்டடங்களில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்றும், எம்30 தரத்துக்குக் குறையாத கலவை வேண்டும் என்றும் 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி 456 கூறுகிறது. கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகைமேல் கிடத்திக் கான்கிரீட் கொட்டினாலும், தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டிய நாள்களைச் சுருக்கினாலும், சாவி வாங்கும் நாளில் எவருக்கும் தெரியாது. பல வேளைகளில் சட்டம் தரும் 5 ஆண்டுகளுக்குள்ளும் தெரியாது. விற்றவருக்கு மட்டும் தெரியும். கெடு முடிந்ததால் சட்டம் அவரைக் கேட்காமல் இருக்கலாம். மனச்சான்றின் கணக்கு அந்த நாளோடு முடிவதில்லை.

விலை கொடுத்து வாங்காத வீடுகளைப் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் தமிழகக் கடற்கரையோரம் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டித் தந்தன. அவற்றில் பலவற்றில் சில ஆண்டுகளிலேயே மேற்பூச்சு விழுந்து கம்பி வெளியே தெரிந்தது. 2021இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் எளியோருக்கென அரசு வாரியம் கட்டிய அடுக்குமாடியில், கை வைத்தாலே சுவர்ப்பூச்சு உதிர்வதை நாடே பார்த்தது. ‘இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்லலாமா?’ என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கலாம் போலத் தோன்றினாலும் அது நீதியற்ற கேள்வி. கூரை விழுந்தால், விலை கொடுத்தவன் தலைக்கும் கொடாதவன் தலைக்கும் ஒரே காயந்தான். கொடை என்பது நீதியின் குறைந்த அளவைத் தாண்டிச் செல்வதேயன்றி அதற்குக் கீழே நிற்பதன்று. கொடுத்த வீட்டைத் திரும்பிச் சென்று பார்க்கும் பொறுப்பும் கொடையில் அடங்கும். கொடுக்கும் இடத்தில் இருக்கும் நம் போன்ற சமய அமைப்புகளுக்கும் இது பொருந்தும்.

கட்டும் தொழிலாளர்களையும் மறக்கலாகாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அங்கே யாரும் குடியேறியிருக்கவில்லை. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள். மறைத்த குறை முதலில் பலி கேட்பது அவர்களிடந்தான். ஆகவே எல்லாப் பழியையும் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய மேஸ்திரிமேல் இறக்கிவைப்பதும், விரிசலைக் காரணம் காட்டிச் சித்தாளின் கூலியை நிறுத்துவதும் அநீதி. கலவையின் அளவைத் தீர்மானித்தவர் யாரோ, அவரே பொறுப்பின் தலைப்பகுதியில் நிற்கிறார்.

வீட்டுக்காரரின் மனச்சான்றுக்கும் சில வினாக்கள் உண்டு. குறையைக் கண்டவுடன் தேதியிட்டு எழுத்தில் தெரிவித்தோமா, அல்லது வளரவிட்டுப் பெருந்தொகை கேட்கலாம் என்று காத்திருந்தோமா? ஒப்படைத்த பின் நாமே சுவரை உடைத்து மாற்றியதன் விளைவை விற்றவர்மேல் சாட்டுகிறோமா? மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் 8ஆம் நூற்றாண்டில் கருங்கல்லால் கட்டப்பட்டது. அதையும் உப்புக்காற்று அரிக்கிறது. அலையைத் தடுக்கக் கற்களை அடுக்கியும், மரங்களை நட்டும், காகிதக்கூழைப் பூசிக் கல்லில் ஊறிய உப்பை எடுத்தும் தொல்லியல் துறை அதைக் காத்துவருகிறது. கல்லுக்கே இவ்வளவு பராமரிப்பு வேண்டுமென்றால், நம் வீட்டின் ஒவ்வொரு தேய்மானத்துக்கும் கட்டியவரைக் குறைகூறுவது முறையாகாது. எல்லாவற்றையும்விடக் கடுமையான வினா ஒன்றுண்டு: ஒழுகும் வீட்டுக்கு வெள்ளையடித்து, கோடையில் இன்னொருவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ எண்ணுகிறோமா? உறுதியற்ற சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவோரை எசேக்கியேல் இறைவாக்கினர் கண்டித்தபோது பொய்வாக்கினரை மனத்தில் கொண்டிருந்தார். அந்த உவமை நம் சுவருக்கு நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. நேற்று ஏமாந்தவர் இன்று ஏமாற்றுகிறவராகும் இடம் இதுவே.

புதுமனை புகும் நாளில் கொத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் வேட்டி, துண்டு கொடுத்து மரியாதை செய்யும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. வேலை முடிந்தாலும் உறவு முடியவில்லை என்பதற்கு அது அடையாளம். மழைக்குப் பின் வீட்டுக்காரர் அவரை அழைக்கலாம், அவரும் தயங்காமல் வரலாம். அடுக்குமாடி வாங்குகிறவர்களுக்குத் தம் வீட்டைக் கட்டியவரின் பெயர்கூடத் தெரிவதில்லை. அறுந்துபோன அந்த உறவின் இடத்தில்தான் இன்று சட்டத்தின் 5 ஆண்டும் 30 நாளும் நிற்கின்றன. அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துவோம். அது நம் உரிமை. கட்டுமானத் தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களோ, அழைப்பு வந்தவுடன் ஏணியோடு போய், பெயர்க்க வேண்டியதைப் பெயர்த்துச் சரிசெய்து, அடுத்த மழைக்குப் பின் கேளாமலே ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.