புதன்கிழமை ஊசி

அரக்கோணம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்த அனுபவம் உண்டா? பொங்கலையொட்டிய வாரங்களில் பாத்திரம், போர்வை, கைக்குழந்தை சகிதம் வடக்கேயிருந்து வரும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து திருவள்ளூர் வட்டாரத்துச் சூளைகளில் செங்கல் அறுக்க வருகிறவர்களும் அவர்களில் உண்டு.

'இவங்க குழந்தைக்குத் தடுப்பூசி போட வரவே மாட்டாங்க சார். விழிப்புணர்வு கிடையாது' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நான் பி.காம். படித்தவன். கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் ஊரிலேயே வாங்கியாயிற்று. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் எழுந்து போனால் இருவர் கையும் நிற்கும். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. அன்று பஸ் பிடித்து, பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில் நின்று திரும்பினால் ஒரு நாள் கல் போச்சு. ராத்திரி குழந்தைக்கு ஊசி ஜுரம் அடித்தால் மறுநாளும் போச்சு. நீங்களாக இருந்தால் போவீர்களா?

'கதவு எல்லாருக்கும் திறந்துதானே இருக்கு?' என்பீர்கள். வாஸ்தவம். ஆனால், திறந்து வைத்ததோடு நம் கடமை முடிந்ததா?

போலியோவில் நாம் அப்படி நினைக்கவில்லை. 1995-ல் தொடங்கிய பல்ஸ் போலியோவில் பூத்தோடு நிற்காமல் ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட், சூளை, நாடோடிகளின் கூடாரம் என்று தேடித்தேடிச் சொட்டு மருந்து ஊற்றி, சுண்டுவிரலில் மை வைத்தார்கள். 2011 ஜனவரியில் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இயற்கை வைரஸால் வந்த கடைசி போலியோ. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் கொடுத்தது.

ஆக, மனசு வைத்தால் அவர்களைக் கண்டுபிடிக்க முடிகிறது. தேடிப் போனது அந்தக் குழந்தைக்காகவா, நம் வீட்டுக்கும் வந்துவிடுமே என்ற பயத்துக்காகவா? பயம் தப்பு என்று சொல்லவில்லை. ஜீப்புக்கு டீசல் போட்டதே அதுதான். தட்டம்மையிலும் நூற்றுக்கு 95 பேராவது ஊசி போட்டிருந்தால்தான் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு. ஆனால், பயத்தில் செய்கிற தர்மத்தை வாங்குகிறவர் மோப்பம் பிடித்துவிடுவார். உத்தரப்பிரதேசத்தில் சில கிராமங்கள் ரோடும் கரண்டும் கேட்டுச் சொட்டு மருந்தையே மறுத்தன. கேட்டது எதுவும் வராத வாசலுக்கு இது மட்டும் மாசாமாசம் வருகிறதே என்று சந்தேகப்பட்டார்கள். அறியாமை என்றோம். எனக்கென்னவோ ரொம்பத் தெளிவான கேள்வியாகத்தான் படுகிறது.

2014 டிசம்பரில் வந்த இந்திரதனுஷ் திட்டம் சூளைகளையும் கணக்கில் சேர்த்தது. நல்லது. அப்படியே அந்தப் புதன்கிழமையையும் கொஞ்சம் நகர்த்தலாம். வாரச் செலவுக்குப் பணம் வாங்கி அவர்கள் சந்தைக்குக் கிளம்பும் நாளில், ஒடியா தெரிந்த ஒருவரோடும் ஜுர மருந்தோடும் நர்சம்மா போகலாம்.

நவம்பரில் பலாங்கீரில் பிறந்த குழந்தைக்கு ஆறாவது வார ஊசி ஊரில். பத்தாவது, பதினாலாவது வார ஊசிகள் சூளையில். ஒன்பதாம் மாசத் தட்டம்மை ஊசிக்குள் மழை வந்து, குடும்பம் மறுபடி ஊரில். நம்மூர் அட்டையில் தமிழில் எழுதியதை அந்த ஊர் நர்ஸ் எப்படிப் படிப்பார்? எங்கே போட்டாலும் 'யு-வின்' ஆன்லைன் பதிவில் ஏற்றிவிடலாம் என்கிறார்கள். ஏற்றுவதற்கு ஒருத்தர் சூளைக்குள் போயிருக்க வேண்டும்; அங்கே டவரும் கிடைக்க வேண்டும்.