காணாமையும் இன்மையும்

படத்திலே காணப்படாத நோய் இல்லாத நோயாகுமோ? இவ்வினா வைத்தியருக்கே உரியதென்று உபாத்தியாயராகிய நாம் தள்ளிவிடுதல் தகாது.

கொட்டாஞ்சேனையிலே யான் கற்பித்த வகுப்பில் ஒரு சிறுவன் பாடம் ஒப்புவிக்குங்கால் இடையிலே நின்றுவிடுவான். கண் ஓரிடத்தே நிலைக்கும். பத்து விநாடியளவில் மீண்டு, நிகழ்ந்ததொன்றும் அறியாதவனாய் விழிப்பான். பராக்குடையவனென்று அவனைப் பலமுறை தண்டித்தேன். தந்தையார் அவன் மூளையை எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்தப் படம் பிடிப்பித்தார். குறையொன்றுமில்லை என்று அறிக்கை வந்தது. “ஆயின் இது சோம்பலே” என்று இருவேமுந் துணிந்தோம், தண்டனையும் மிகுந்தது.

அப்படம் யாது காட்டுமென யாம் ஆராய்ந்திலேம். உடம்பின் நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் வலிய காந்தப் புலத்திலே ஒழுங்குற்று, வானொலி அலையால் தூண்டப்பட்டு, மீளும்போது விடுக்குஞ் சைகைகளைக் கணித்து எழுதுவதே அது. மூளையின் சாம்பல்நிறப் பகுதியையும் வெண்பகுதியையும், கட்டி, தழும்பு முதலியவற்றையும் அது பகுத்துக் காட்டும். யாழ்ப்பாணத்துக் கிறீன் வைத்தியரது முயற்சியால் 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் முதலாக, உறுப்பமைப்பைத் தமிழிலே கற்றல் நமக்குப் புதிதன்று. ஆயினும் அமைப்பு வேறு, தொழில் வேறு. வெள்ளவத்தைக் கடலோரத்து இருப்புப்பாதையைப் படம் பிடித்தால் தண்டவாளம் முறிந்ததோவென்பது தெரியும். வண்டி இடையிலே தடைப்பட்டு நின்றதோவென்பது தெரியாது.

1990இல் ஒகாவா என்னும் யப்பானிய அறிஞர் வெளிப்படுத்திய முறை, இரத்தத்தின் பிராணவாயு மாறுபாட்டைக் கொண்டு மூளையின் தொழிலை அறிவது. அதுவும் நினைவைக் காட்டுவதன்று. தொழிலைத் தொடர்ந்து சில விநாடி பிந்தி வரும் இரத்த மாற்றத்தையே காட்டுவது. நரம்பணுக்களின் மின்றொழிலை உடனுக்குடன் வரைதற்கு, 1924இல் செருமானிய வைத்தியர் பெர்கர் மனிதரிடத்து முதலிற் கண்ட ஈ.ஈ.ஜி. வரைவே உரியது. பின்னர் வேறொரு வைத்தியர் அதனை எடுப்பித்தபோதே சிறுவனுக்குற்றது வலிப்பின் ஒருவகையென்று தெளிவாயிற்று. கைகால் உதறாது, உணர்வு மாத்திரம் சில கணம் மறைவது அது. அதிலே காந்தப் படம் பெரும்பாலுங் குறையின்றியே வரும். மருந்தால் அவன் தேறினான்.

காணத்தக்க பொருள் காணப்படாதவிடத்து அஃது இல்லையெனத் துணிதல் அளவைநூல் வழக்கு. காணத்தகாத பொருளைக் காணாமையால் இல்லையெனல் அளவையன்று, போலியேயாம். தருக்கத்திலே நாம் இதனை அறிவோம், பிரம்பெடுத்தவிடத்து மறந்துவிடுகின்றோம்.

“அறியாது செய்தது குற்றமோ?” எனின், அறியாமை குற்றமன்று, அறியாமையையே அறிவாகக் கொண்டு ஒரு பிள்ளையைத் தண்டித்தது குற்றமே. ஆகலின், வகுப்பிலே ஒருவன் இவ்வாறு நிலைத்து நிற்பானாயின், எத்துணைப் பொழுது, நாளுக்கு எத்தனைமுறை என்று குறித்துப் பெற்றோருக்கும் வைத்தியருக்கும் அறிவித்தலே நம் கடன். எந்தக் கருவிக்கும் முன்னே அவனை நாடோறுங் காண்பவர் நாமன்றோ?

அச்சிறுவனிடத்து யான் மன்னிப்புக் கேட்டேன். “ஏன் ஐயா?” என்றான். அவன் தண்டனையை மறந்திருக்கலாம். எனக்கு மறத்தல் தகாது.