காலடி மண்

சுமார் 28 மி.மீ. உயரமே உள்ள கற்பனை வீரன் பொம்மை. புருவம் வரை வண்ணம் தீட்டியாயிற்று. ஆனாலும் வெற்றுப் பீடத்தில் நின்றால் அவன் பொம்மைதான்.

உடைத்த தக்கைப்பட்டையைப் பாறையாக ஒட்டுங்கள். பசை தடவி மணலைத் தூவுங்கள். பிர்ச் மரத்தின் காய்ந்த கதிரை உதிர்த்தால் விழும் நுண்செதில்கள், அந்த அளவுக்குக் கச்சிதமான சருகுகள். ஈரமில்லாத தூரிகையால் பாறை விளிம்புகளில் வெளிர்நிறம் தொட்டால் வெயில் படும். அங்கி சிவப்பென்றால் தரை சாம்பலாக அடங்கியிருக்கட்டும். அதே தரையின் சேறு அவன் காலணியிலும் கொஞ்சம் ஒட்டட்டும். அப்போதுதான் அவன் அங்கே நடந்து வந்தவன்.

பீடமே கண்ணைப் பறித்தால் தோல்வி. பார்வையை வீரனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் வெற்றி. இன்னொருவரை எடுப்பாக நிற்கவைக்கும் வேலை எதுவும் சின்ன வேலை அல்ல.