மண்ணில் நிற்கும் கடன்

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் திண்டுக்கல்லும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட கிணறுகள் 467. அவற்றில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தது தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு.

உப்புப் போட்டு வந்த தோலை அலசும்போதே அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு வெளியேறும். அடுத்து சுண்ணாம்புக் குழி, மயிர் நீக்கல், பதனிடல். ஒரு கிலோ தோலுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஆண்ட இடத்துக்குக் குரோம் உப்பு வந்தபோது கழிவின் நஞ்சும் கூடியது. அந்தக் குழிகளில் நின்று உழைத்தவர்களின் வாழ்க்கையைத்தான் டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதி 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். திண்டுக்கல் இருக்கும் குடகனாற்றுப் படுகையின் அடியில் இருப்பது பாறை. சிதைந்த மேற்பாறையிலும் வெடிப்புகளிலும்தான் ஊற்று. அங்கே இறங்கிய உப்பு, ஷாப்பைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாலும் தங்கிவிடும்.

இதைச் சுத்தம் செய்வது யார் பணத்தில்? திண்டுக்கல் நாகல் நகரில் தறியை நம்பிப் பிழைத்த சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்று தோலில் ஒரு ரூபாய் லாபம் பார்த்ததில்லை. அதன் வரிப்பணம் ஏன் அங்கே போக வேண்டும்? நியாயமான கேள்வி. அவரவர் வினை அவரவருக்கு என்று நம்பும் ஊரில் இன்னும் கூர்மையான கேள்வி.

சைவ சித்தாந்தம் இங்கே ஒரு நுட்பமான விஷயத்தைச் சொல்கிறது. வினை சடம். செய்தவன் எங்கே என்று அதற்கே தேடிப் போகத் தெரியாது. பலனை உரியவனிடம் கூட்டுவிக்க இறைவன் வேண்டும். மண்ணில் விழுந்த குரோமியமும் அப்படித்தான், அதற்கு முகவரி தெரியாது. கம்பெனி கலைந்து, பட்டா கைமாறி, முதலாளி காலமான பிறகு, செய்த வினையின் பலனைத் தண்ணீர் குடிப்பவன் அனுபவிக்கிறான். சட்டமும் அரசும் இருப்பது உரியவனிடம் கணக்கைச் சேர்க்கத்தான். அவை சும்மா இருந்தால், கிணற்றுக்காரனின் துன்பத்தை அவனுடைய முன்வினை என்று சொல்லிக் கடந்துபோவது தத்துவமாகாது, கொடுமை.

ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கிய திண்டுக்கல் பேகம்பூரின் இஸ்லாமிய மரபில் இன்னொரு வெளிச்சம் கிடைக்கிறது. கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை நடத்த நபிகள் நாயகம் முன்வரவில்லை; அபூ கத்தாதா என்ற தோழர் அந்தக் கடனை ஏற்ற பிறகே நடத்தினார். பின்னாளில் வசதி வந்தபோது, தீர்க்க வழியின்றி இறந்தவர்களின் கடனைத் தாமே ஏற்பதாக அறிவித்தார் என்கின்றன ஹதீஸ் நூல்கள். சொத்து இருந்தால் அதிலிருந்து கடன் தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. பொதுப்பணம் இறங்குவது கடனைப் பொய்யாக்க அல்ல, கொடுத்தவன் ஏமாறாமல் இருக்க.

2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு வேலூர்த் தோல் வழக்கில் ஏறத்தாழ இந்த வழியில்தான் நடந்தது: பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டை அரசு முதலில் கொடுக்கட்டும், மாசுபடுத்தியவர்களிடம் பிறகு வசூலிக்கட்டும். அதே ஆண்டு ஜூலையில் ஒன்றிய அரசு மாசுபட்ட இடங்களுக்கான மேலாண்மை விதிகளை வெளியிட்டது. பொறுப்பாளி கிடைக்காத, கட்ட முடியாத இடங்களில் செலவை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கும். அப்போது நாடு முழுவதும் கணக்கில் இருந்தவை 103 இடங்கள், சீரமைப்பு தொடங்கியவை 7.

இதே மாவட்டத்தின் மலைமேல், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடியது. அங்கே கம்பெனி பெயரோடு இருந்தது, பாதரச மண்ணைச் சுத்தம் செய்யும் செலவும் அதன் தலையில் விழுந்தது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலையிலோ 2 லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு குவிந்து நின்றது. அதைச் சீராக்கும் பொறுப்பு அரசிடம் வந்து சேர்ந்தது. இதில் அரசும் வேடிக்கை பார்த்த வெளியாள் அல்ல. உரிமம் தந்ததும் அதுதான், ஏற்றுமதியில் வந்த அந்நியச் செலாவணியைக் கொண்டாடியதும் அதுதான். நாகல் நகர்க் குடும்பத்துக்கும் இதைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்: அது கட்டுவது தோல் ஷாப்காரரின் பாவத்துக்கான பிராயச்சித்தம் இல்லை. தன் பெயரால் நடந்த ஆட்சி பாக்கி வைத்ததை அது தீர்க்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை கட்டாயம் வேண்டும். ஊர் ஓரத்து ஷாப் நிலம் சுத்தமானால் சதுர அடி விலை ஏறும். பொதுப்பணத்தில் ஏறிய அந்த விலை பட்டாதாரர் பைக்குப் போகக் கூடாது. செலவான தொகையை நிலத்தின் மேல் வில்லங்கமாகப் பதிய வேண்டும். விற்கும்போது முதலில் அது கழிய வேண்டும். திரும்பி வரும் பணம் அந்த 13 கிராமங்களின் குழாய்க்கும் கிணற்றுக்கும் போகட்டும்.