கடன்பட்டவர் தலைப்பாகை



கடன் கேட்டு ஆள் வந்து நிற்கையில், "அப்பா வீட்டில் இல்லை" என்று பிள்ளையைச் சொல்லச் சொல்வது பொய்யா, தற்காப்பா?

விஸ்வநத்தம் போன்ற பட்டாசு ஊர்களில் இது தினசரிக் கேள்வி. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நடந்தது போன்ற வெடிவிபத்துகளில் உயிர் தப்பியவருக்கும் தீக்காயம் லேசில் ஆறுவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் கூலி நின்றுவிடுகிறது. துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, பஸ் செலவு, வெளியே வாங்கும் மருந்து எல்லாம் வட்டிக்கு வாங்கிய பணமாகிவிடுகிறது. கையில் வைத்துக்கொண்டே இல்லை என்பவன் கதை வேறு, அவனை விட்டுவிடுவோம்.

திருவிதாங்கூரில் தலைவரி, தளைக்காணம், ஏணிக்காணம் என்று ஏழைகளைப் பிழிந்த காலத்தில்தான் அய்யா தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். வரிபாக்கி தீர்ந்தபின் கட்டு என்று சொல்லவில்லை. ஆகவே நோயால் கடன்பட்டவர் கதவுக்குப் பின்னே ஒளிய வேண்டியதில்லை. "இப்போது இல்லை, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று நேரில் சொல்லலாம். பிள்ளையின் வாயில் பொய்யை வைப்பது அந்தக் கடனைவிடப் பெரிய நஷ்டம்.

கேட்பவருக்கும் வரம்புண்டு. வங்கி, நிதி நிறுவன ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் கேட்டு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

ஆனாலும் தெருவில் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்கிறார்களே, அதற்கு எந்தச் சட்டம்? இரண்டு பேர் போய் அவர் பக்கத்தில் நிற்கட்டும். தாங்கலில் அன்னம் வாங்கும்போது பக்கத்தில் நின்றவர்தானே அவர்.