கருவும் மனித இனமும்
கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளோ ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழைமையுடையவை. இந்த நெடுங்காலத்தில் மனித உடல் படிப்படியாக உருமாறியதை, 19-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் தோன்றிய பஹாய் சமயம் மறுப்பதில்லை. எனினும் அதன் நிறுவனர் பஹாவுல்லாவின் மகன் அப்துல்-பஹா, கரு பல வடிவங்களைக் கடந்தாலும் தொடக்கம் முதலே மனிதக் கருவாக இருப்பதுபோல, மனித இனமும் தொடக்கத்திலிருந்தே தனித்த இனமாக வளர்ந்தது என விளக்கினார். மனிதனுக்கும் குரங்கினங்களுக்கும் மூதாதை ஒன்றே என்னும் உயிரியல் முடிவோடு இக்கூற்று நேராகப் பொருந்தவில்லை. ஆயினும், அறிவியலும் சமயமும் ஒரே பறவையின் இரு சிறகுகள் என்றும், அறிவியலைத் துறந்த சமயம் மூடநம்பிக்கையாகிவிடும் என்றும் அவரே கூறியிருப்பதால், சான்றின் முன் அந்த விளக்கத்தையே மறுபடி ஆராயும் கடமை அச்சமயத்தாருக்கு உண்டு.